பத்தரை மணிச் சாட்சி

காலை எட்டு மணிக்கு மண்டபத்தின் சரக்கு லிப்ட் கதவில் கை வைத்துப் பன்னிரண்டு பேர் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக நின்றேன். லிப்ட் ரிப்பேர் செய்வதுதான் என் பிழைப்பு. சபையில் எனக்கு லிப்ட் தம்பி என்றுதான் பெயர். உள்ளே ஒரு கம்பிச்சுருள் கருகிப்போயிருக்கிறது, புதிது போட்டால்தான் ஓடும், மண்டபத்து ஆபீஸ்காரர் திங்கட்கிழமைக்கு முன்னால் அது கிடைக்காது என்கிறார் என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். யார் கேட்டார்கள்.

"அதெல்லாம் சரி தம்பி, நீ கொஞ்சம் விசுவாசத்தோட பேசு. முதல்ல ஜெபம், அப்புறம் பட்டன்" என்றார் பட்டியல் அண்ணன். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கையில் கிளிப் போட்ட அட்டை இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. எந்த வேலைக்கு யார், எத்தனை மணிக்கு, மைக் யாரிடம், சாவி யாரிடம் என்று எல்லாமே அந்த அட்டையில் இருக்கும். எழுதாத எதையும் அவர் நம்பமாட்டார், லிப்ட் விஷயத்தைத் தவிர.

ஜெபம் முடிந்து அவர் பட்டனை அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே டக்கென்று ஒரு சத்தம். பன்னிரண்டு பேரும் ஸ்தோத்திரம் என்றார்கள். விளக்கு அணைந்தது. அவ்வளவுதான்.

"சரி, கர்த்தர் நம்மளப் படியேறச் சொல்றார்" என்றார் பட்டியல் அண்ணன், முகம் கொஞ்சமும் வாடாமல்.

மறுநாள் காலை மாநாடு. பல சபைகள் சேர்ந்து மூன்று நாள் நடத்துவது. இந்த வருஷம் ஏற்பாடு எங்கள் சபையின் முறை. கீழ்த்தளத்தில் அறுநூறு நாற்காலிகள் அடுக்கிக் கிடந்தன. அங்கிருந்து மண்டபத்துக்கு இருபத்திரண்டு படி, நடுவில் ஒரு திருப்பம். முட்டிவலிக்காரர், முதுகுவலிக்காரர், மேடை வேலை எனக்குத்தான் என்று நழுவியவர் எல்லாரையும் கழித்துப் பார்த்தால், தூக்குவதற்கு ஏழு பேர் மிஞ்சினோம். ஒரு நடைக்கு நாலு நாற்காலி. ஆளுக்கு இருபது நடைக்கு மேல் வந்தது. நான் அந்த வாரம் முழுக்க ஒரு பதினான்கு மாடிக் கட்டடத்தில் கேபிள் மாற்றிவிட்டு வந்திருந்தேன். தோள் ஏற்கனவே என்னிடம் பேசுவதை நிறுத்தியிருந்தது.

முதல் நடை மேலே போனபோது என் மனைவி மேசை விரிப்புகளை எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். அதற்குள் பெரியக்கா பார்த்துவிட்டார். பெரியக்கா தையல் கடை வைத்திருப்பவர், பெண்கள் ஜெபக்குழுவின் தலைவி. சபையில் அவரைவிட மூத்தவர்களும் அவரைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஐயோ, அத வைம்மா கீழ. ஒரு துரும்ப நீ தூக்கக் கூடாது" என்று ஓடிவந்தார். மண்டபத்து ஆபீஸிலிருந்து பஞ்சு வைத்த நாற்காலி ஒன்றை இரண்டு பெண்களை விட்டுத் தூக்கி வரச் செய்தார். முதுகுக்கு ஒரு தலையணை. காலுக்கு ஒரு அட்டைப்பெட்டி. என் மனைவியைத் தோளைப் பிடித்து அதில் உட்காரவைத்தார். "இங்கதான் உக்காரணும். எழுந்தா என்கிட்ட அடி வாங்குவ."

டாக்டர் சொன்னதும் அதையேதான். பத்து நாளைக்கு எடை தூக்காதே, அதிக நேரம் நிற்காதே என்றார். அன்றைக்கு ஒன்பதாவது நாள். காரணம்தான் வேறு.

பதினோராவது வாரத்தில் குழந்தை போய்விட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் டாக்டருக்கும் தவிர அது யாருக்கும் தெரியாது. சபையைப் பொறுத்தவரை அவள் மூன்று மாதத்துக் கர்ப்பிணி, நான் அப்பாவாகப் போகிறவன்.

இப்படி ஆனதற்கு நாங்களும் காரணம், சபையும் காரணம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த ஒன்பது வருஷமும் பெரியக்காவின் குழு வெள்ளிக்கிழமை தோறும் எங்களுக்காகச் சாப்பிடாமல் இருந்தது. மழை, காய்ச்சல் எதற்கும் தவறியதில்லை. அப்படிப்பட்டவர்களிடம் எப்படி மறைப்பது என்று ஏழாவது வாரத்திலேயே என் மனைவி பெரியக்காவிடம் சொல்லிவிட்டாள். மூன்று மாதம் போகட்டும், அதுவரை உங்களோடு இருக்கட்டும் என்று கெஞ்சிச் சொன்னாள். "கேட்டு வாங்கினத வாய மூடி வெச்சுக்கலாமாம்மா? நன்றி சொல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார் அவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நன்றி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று சொல்லியே விட்டார். சபையே கை தட்டியது. பெரியக்கா அழுதார். அன்று சாயங்காலமே பட்டியல் அண்ணன் போன் செய்து மாநாட்டில் முதல் நாள் பத்தரை மணிக்கு எங்கள் சாட்சி, அதாவது கிடைத்த நன்மையை நாங்களே மேடையேறிச் சொல்வது, என்று எழுதிக்கொண்டார்.

இதில் யாரையும் கெட்டவர் என்று சொல்ல என்னால் முடியாது. அதுதான் எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. கெட்டவர்களாக இருந்தால் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டு வீட்டில் இருந்திருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை சளி என்று சொல்லிச் சமாளித்தோம். இன்றைக்கும் வராவிட்டால் ஒரு படையே பிளாஸ்க்கோடும் பழத்தோடும் வீட்டுக்கு வந்துவிடும். அதனால் வந்தோம். வரும் வழியில் பஸ்ஸில் அவள் என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"இன்னைக்கு நானே பெரியக்காகிட்ட சொல்லிடுறேன். நீங்க வாயத் திறக்கக் கூடாது."

"சாயங்காலம் வரைக்கும்தான் பொறுப்பேன். அதுக்குள்ள நீ சொல்லலன்னா நான் சொல்லிடுவேன். நாளைக்கு உன்ன மேடையில ஏத்த விடமாட்டேன்."

"சத்தியம் பண்ணுங்க, சாயங்காலம் வரைக்கும் பேச மாட்டேன்னு."

பண்ணினேன். எனக்கு வேறென்ன செய்யத் தெரியும்.

ஐந்தாவது நடையில் சட்டை நனைந்துவிட்டது. எட்டாவது நடையில் படிகளை எண்ணுவதை நிறுத்தினேன். திருப்பத்தில் நாற்காலிக் கால் சுவரில் இடிக்காமல் உடம்பை ஒரு மாதிரி வளைக்க வேண்டும். அந்த வளைவுதான் ஆளைக் கொன்றது. எனக்கு முன்னால் போன பிளம்பர் அண்ணன் ஒவ்வொரு தடவையும் அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

"தூக்குப்பா, தூக்கு. இப்பவே பழகிக்க. இன்னும் ஆறு மாசத்துல ராத்திரி பூரா தோள்ல போட்டுக்கிட்டு நடக்கணும்."

"ம்" என்றேன்.

"என்னப்பா, அப்பா ஆகப்போறவன் இப்படி உம்முன்னு இருக்க? மூணு பிள்ள பெத்தவன் சொல்றேன், சிரிக்கிறதுன்னா இப்பவே சிரிச்சுக்க."

நான் சிரித்தேன். முகத்தில் அது எப்படி வந்ததோ தெரியாது, அவர் சட்டென்று நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டார்.

ஒவ்வொரு நடைக்கும் மேலே வந்ததும் நான் முதலில் அந்தப் பஞ்சு நாற்காலிப் பக்கம் பார்ப்பேன். அவள் என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டுவாள். இன்னும் இல்லை என்று அர்த்தம். பத்து மணிவாக்கில் பெரியக்கா அவள் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். இதுதான் நேரம் என்று நாற்காலியை இறக்கும் சாக்கில் கொஞ்சம் அருகில் போனேன்.

"அக்கா, உங்ககிட்ட ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தாள்.

"தெரியும்" என்றார் பெரியக்கா. "முகத்தப் பாத்தாலே தெரியுதே. குமட்டுதா? வெறும் வயித்தோட வந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே பையில் கைவிட்டு உப்பு பிஸ்கட் பாக்கெட் எடுத்தார். "இத மெதுவா கடிச்சுக்கிட்டே இரு. எங்கக்கா பொண்ணுக்கு இதுதான் கேட்டுச்சு. உனக்காகவே வாங்கி வெச்சிருந்தேன்."

உனக்காகவே என்ற சொல்லைக் கேட்டதும் அவள் வாய் மூடிக்கொண்டது. பிஸ்கட்டை வாங்கிக் கடித்தாள். நான் கீழே போனேன்.

பதினொன்றரைக்கு அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்தால் அவளுக்கு அலுத்துப்போகும் என்று பட்டியல் அண்ணன் யோசித்து, உட்கார்ந்த இடத்திலேயே செய்யும்படியாக ஒரு வேலையைத் தேடிப் பிடித்திருந்தார். நிகழ்ச்சி நிரல் தாள்களை இரண்டாக மடித்து அடுக்க வேண்டும். எழுநூறு தாள். அவள் மடியில் ஒரு பலகை வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நகத்தால் ஒரு இழுப்பு இழுத்து, பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். நான் தண்ணீர் குடிக்க வந்தபோது ஒரு தாளை எடுத்துப் பார்த்தேன்.

பத்து மணி, ஆரம்ப ஜெபம். பத்தே கால், பாடல்கள். பத்தரை மணி, சாட்சி: ஒன்பது வருட ஜெபத்துக்குக் கிடைத்த குழந்தை. அதற்குக் கீழே தம்பதியர் என்று எங்கள் இரண்டு பேருடைய பெயரும் தடித்த எழுத்தில் இருந்தன. அந்த வரிக்குக் கொஞ்சம் கீழேதான் மடிப்பு விழுந்தது. இதற்குள் அவள் அந்த வரியை முந்நூறு தடவையாவது பார்த்திருப்பாள். தாளை அவள் மடியில் வைத்தேன்.

"எழுந்து வா" என்றேன்.

"எங்க?"

"கொஞ்சம் வா."

பெரியக்கா பார்க்கும் முன் அவளைப் படிக்கட்டுத் திருப்பத்துக்கு அழைத்துப் போனேன். நாற்காலி தூக்குகிறவர்கள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் நாங்கள் காலையிலிருந்து இடித்த கோடுகள் வரிசையாக இருந்தன.

"இதுக்கு மேல என்னால முடியாது. நான் போய்ச் சொல்லிடுறேன். ரெண்டு நிமிஷ வேலை" என்றேன்.

"ரெண்டு நிமிஷமா?" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை, அவ்வளவு களைப்பு. "நீங்க சொல்லிட்டு நாற்காலி தூக்கப் போயிடுவீங்க. அவங்க எல்லாரும் என்னச் சுத்தி நின்னு அழுவாங்க. ஒவ்வொருத்தரையா நான்தான் தேத்தணும். ஒன்பது வருஷமா ஒவ்வொரு மாசமும் அதானே நடந்துச்சு? இல்லைக்கான்னு நான் சொல்லுவேன், பெரியக்கா அழுவாங்க, பரவாயில்லைக்கா, அழாதீங்கக்கான்னு நான் அவங்க முதுகத் தடவிக் குடுப்பேன். என்னைக்காவது நீ எப்படி இருக்கேன்னு என்ன யாராவது கேட்டாங்களா?"

நான் கேட்டேனா என்று யோசித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நான் பில்லையும் மாத்திரையையும் பார்த்தேன், ஆட்டோ பிடித்தேன், கஞ்சி வைத்தேன். மறுநாள் வேலைக்குப் போனேன். ராத்திரி அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள், தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். தூங்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"இதையும் தேத்த எனக்குத் தெம்பு இல்லங்க. அதான் சொல்ல வரல. பயமெல்லாம் இல்ல" என்றாள்.

"அப்ப என்ன பண்றது?"

"தெரியல. சாயங்காலம் ஆகலையே இன்னும்" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மேலே போனாள். மேலே பெரியக்காவின் குரல் கேட்டது. "எங்கம்மா போன? உன்ன ஒரு நிமிஷம் நம்பி விட முடியுதா?"

சாப்பாட்டின்போது நிலைமை இன்னும் மோசமாயிற்று. எல்லாருக்கும் டீ ஊற்றினார்கள். பெரியக்கா தம்ளரைத் தொடவில்லை. ஏன் என்று ஒரு பெண் கேட்டாள். பெரியக்கா வெட்கப்பட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"பொருத்தனை பண்ணியிருக்கேன். இவ வயித்துல ஒண்ணு தங்கி, அத இவ வாயால மேடையில சொல்ற வரைக்கும் டீ தொடமாட்டேன்னு. பதினாலு மாசமாச்சு. நாளைக்குப் பத்தே முக்காலுக்கு நான் ஒரு டீ குடிப்பேன் பாருங்க, ரெண்டு சக்கரை போட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். காலையில் எழுந்ததும் நாலு டீ குடித்தால்தான் தையல் மெஷினில் உட்காருகிற பெண்மணி அவர் என்று சபையில் எல்லாருக்கும் தெரியும். அவர் சொன்னது பெருமைக்கு இல்லை, கேட்டதால் சொன்னார். என் மனைவி தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பெரியக்கா மேல் கோபம் கோபமாக வந்தது, அதே நேரம் அவர் காலில் விழவேண்டும் போலவும் இருந்தது.

பிற்பகலில் கடைசி நாற்காலியும் மேலே வந்தது. வரிசைக்கு இருபதாக முப்பது வரிசை போட்டோம். பட்டியல் அண்ணன் ஒரு கயிற்றை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்துப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். அப்புறம் அட்டையைப் பார்த்தார்.

"அரையடி வலது பக்கம் போயிருக்கு. நடுப்பாதை மேடைக்கு நேரா வரல."

"அரையடில என்னண்ணே இருக்கு? ஜனங்க நேரா நடந்து வந்துட மாட்டாங்களா?" என்றார் பிளம்பர் அண்ணன்.

"கர்த்தருக்குச் செய்றத ஒழுங்கா செய்யணும்."

அறுநூறு நாற்காலியையும் அரையடி இடது பக்கம் நகர்த்தினோம். யாரும் எதிர்த்துப் பேசவில்லை, பேசத் தெம்பில்லை. பிளம்பர் அண்ணன் மட்டும், "அடுத்த மாநாட்டுக்கு நான் கப்பல்ல வேலைக்குப் போயிடுறேன்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

மணி நாலரை ஆயிற்று. எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. நாற்காலி போட்டதோடு வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு நாற்காலியையும் கையால் தொட்டு, மறுநாள் அதில் உட்காரப்போகும் ஆளுக்காக ஜெபிக்க வேண்டும். யார் வருவார், என்ன கஷ்டத்தோடு வருவார் என்று நமக்குத் தெரியாது, அதனால்தான் நாற்காலிக்கு ஜெபம் என்பார் பட்டியல் அண்ணன். ஆளுக்கு ஒன்றிரண்டு வரிசை பிரித்துக் கொடுத்தார். எனக்குப் பதினான்காவது வரிசை.

முதல் நாற்காலிக்கு நல்லபடியாகத்தான் ஜெபித்தேன். இவர் வீட்டில் சமாதானம் வேண்டும் என்றேன். இரண்டாவது ஆளுக்கு வேலை கிடைக்கட்டும் என்றேன். மூன்றாவதற்கு முதுகுவலி தீரட்டும். ஐந்தாறு தாண்டியதும் சரக்கு தீர்ந்துவிட்டது, சும்மா தொட்டுக்கொண்டே போனேன். பன்னிரண்டாவது நாற்காலியைத் தொட்டபோது, இதில் யாராவது ஒரு சின்னப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரலாம் என்று தோன்றியது. கையை எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் எந்த நாற்காலியையும் தொடவில்லை. வரிசை முடியும்வரை நடந்தேன், அவ்வளவுதான்.

திரும்பிப் பார்த்தால் பெண்கள் எல்லாரும் மேடைக்கு முன்னாலிருந்த பஞ்சு நாற்காலியைச் சுற்றி நின்றார்கள்.

"இந்த நாற்காலிக்கு நாம எல்லாரும் சேர்ந்து ஜெபிக்கணும். நாளைக்கு இதுல ரெண்டு பேருல்ல உக்காரப் போறாங்க?" என்றார் பெரியக்கா. மைக்கைச் சோதிக்க வேண்டியிருந்ததால் பட்டியல் அண்ணன் அதை அவர் கையில் கொடுத்தார். "இதுலயே பண்ணுங்கக்கா, சத்தம் பின்வரிசை வரைக்கும் வருதான்னு பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பின்னால் ஆம்ப்ளிபயர் பெட்டியிடம் போய் உட்கார்ந்தார்.

பெரியக்கா இடது கையில் மைக்கைப் பிடித்தார். வலது கையை என் மனைவியின் வயிற்றின்மேல் வைத்தார். மற்றப் பெண்களும் குனிந்து கையை நீட்டினார்கள். நாலைந்து கைகள் அவள் வயிற்றில் இருந்தன. கை எட்டாதவர்கள் முன்னால் நின்றவர்களின் தோளைத் தொட்டுக்கொண்டார்கள். பெரியக்கா கண்ணை மூடி ஆரம்பித்தார். இந்தக் கர்ப்பத்தின் கனியைக் காத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று அவர் குரல் நாலு ஸ்பீக்கரிலும் வந்தது. இதன் கையையும் காலையும் நீர் உருவாக்கும், இது ஓடியாடி இந்த மண்டபத்திலேயே உம்மைப் பாடும்.

சத்தியம் எக்கேடு கெட்டும் போகட்டும் என்று நடக்க ஆரம்பித்தேன். குறுக்கே அத்தனை வரிசைகளையும் நாங்களே நெருக்கமாகப் போட்டு வைத்திருந்தோம். நாற்காலிகளை இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு போனேன். நேராகப் போட்ட வரிசைகள் எல்லாம் கோணிக்கொண்டன. பட்டியல் அண்ணன் பின்னாலிருந்து, "தம்பி, தம்பி, என்ன பண்ற" என்றார். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கத்தப் போகிறேன் என்று மட்டும் தெரிந்தது.

நான் மூன்றாவது வரிசைக்கு வந்தபோது என் மனைவி பெரியக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவசரமில்லாமல், கொதிக்கிற பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்குவதுபோல் அந்தக் கையைத் தன் வயிற்றிலிருந்து எடுத்தாள். மற்றவர்களின் கைகளும் விலகின. பெரியக்கா கண் திறந்தார், ஜெபம் பாதியில் நின்றது. என் மனைவி அந்தக் கையை விடாமல் மேலே தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"அங்க ஒண்ணும் இல்லக்கா. போயிடுச்சு. இன்னையோட ஒன்பது நாள் ஆச்சு" என்றாள். மைக் அவள் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அறுநூறு காலி நாற்காலிக்கும் அது கேட்டது. "எனக்கு ஜெபம் பண்ணுங்கக்கா. குழந்தைக்கு நிறைய பண்ணிட்டீங்க. எனக்குப் பண்ணுங்க. எனக்கு ரொம்ப முடியல."

பின்னால் பட்டியல் அண்ணன் எதையோ தடவித் தேடி ஸ்பீக்கரை அணைத்தார். அப்புறம் அட்டையை எடுத்து, பேனாவால் ஒரு கோடு போட்டார். "பத்தரைக்கு ஒரு பாட்டு வெச்சுக்கலாம்" என்று தனக்குள் சொல்லிக்கொள்வது எனக்குக் கேட்டது.

பெரியக்காவின் வாய் கோணியது. கண் நிறைந்துவிட்டது. எனக்குத் தெரிந்த அழுகை அது, ஒன்பது வருஷமாக மாதா மாதம் பார்த்தது. பழக்கதோஷத்தில் என் மனைவியின் கை அவர் முதுகைத் தடவ எழுந்தது. பாதி தூரம் போனது. பிறகு அந்தக் கையைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பெரியக்கா அதைப் பார்த்தார். மைக்கைக் கீழே வைத்தார். புறங்கையால் தன் கண்ணைத் தானே துடைத்துக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார். இன்னொரு கையையும் அவள் தலைமேல் வைத்தார்.

ஜெபிக்க அவருக்கு வார்த்தை வரவில்லை. மணிக்கணக்கில் ஜெபிக்கக்கூடியவர், இரண்டு தடவை "ஆண்டவரே" என்றார், அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. என் மனைவி குனிந்து அவர் இடுப்பில் முகத்தை வைத்தாள். அந்த ஒன்பது நாளில் அவள் சத்தம் போட்டு அழுது நான் கேட்டது அப்போதுதான்.

நான் அவர்கள் பக்கத்தில் வந்து நின்றேன். கத்த வைத்திருந்ததெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. பெண்கள் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். பெரியக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ காலைல இருந்து நாற்காலி தூக்கிட்டா இருந்த?" என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது. "உக்காருப்பா."

உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. என் மனைவியின் காலடியில், அந்த அட்டைப்பெட்டி பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் யாரோ என் தலைமேல் கை வைத்தார்கள். கனமான கை, ஸ்பேனர் பிடித்துக் காய்த்துப்போனது, பிளம்பர் அண்ணனுடையதாக இருக்கலாம். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அழுதேன்.